பின் சக்கரம் ஏறாத எடை

எடைமேடை அறைக்கு ஒரே ஒரு ஜன்னல்தான். அதற்குக் கண்ணாடிக் கதவு உண்டு. ஆனால் கல் தூசி படிந்து படிந்து அது கண்ணாடி என்பதே மறந்துபோன பிறகு, அவள் அதைத் திறந்தே போட்டுவிட்டாள். தூசி உள்ளே வரும். மேஜைமேல் படியும், கை ஒடிந்த நாற்காலிமேல் படியும், மூடி வைக்க மறந்தால் டீயிலும் மிதக்கும். "எங்க ஆபீஸ்ல டீக்கு மேல தூவிக் குடுப்பாங்க" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். பதினோரு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வேலை என்று பார்த்தால் பெரிய வேலை ஒன்றும் இல்லை. குவாரியில் உடைத்த கல்லையும் ஜல்லியையும் ஏற்றிக்கொண்டு லாரி வரும். ஜன்னலுக்கு வெளியே தரையோடு தரையாகப் பதித்திருக்கும் நீளமான இரும்புத் தகட்டின்மேல் ஏறி நிற்கும். மேஜையில் இருக்கும் கறுப்புப் பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும். அவள் ஒரு பொத்தானை அழுத்துவாள். சீட்டு வரும். கையெழுத்துப் போட்டு ஜன்னல் வழியாக நீட்டுவாள். வண்டி போய்விடும். அவ்வளவுதான்.

ஆனால் அதற்குள் ஒரு சின்ன விஷயம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

பத்துச் சக்கர லாரி எல்லாம் சேர்த்து இருபத்தெட்டு டன்னுக்குமேல் போகக் கூடாது என்று சட்டம். குவாரியிலோ நாற்பதுக்குக் குறைந்து எந்த வண்டியும் வெளியே போனதில்லை. அதற்கு என்ன செய்வார்கள் என்றால், லாரி தகட்டின்மேல் முழுதாக ஏறுவதற்கு முன்னால், கடைசி வரிசைப் பின் சக்கரங்கள் இன்னும் மண்ணிலேயே இருக்கும்போது, அவள் ஜன்னல் வழியாகக் கையை உயர்த்துவாள். டிரைவர் நிறுத்திவிடுவான். பின் சக்கரம் சுமப்பதெல்லாம் மண்ணோடு போய்விடும், பெட்டி இருபத்தேழு சொச்சம் காட்டும். பொத்தானை அழுத்தினால் சட்டத்துக்குப் பொருத்தமான சீட்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பழைய ஆள் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான். பொத்தானைக்கூட இரண்டாவதாகத்தான் காட்டினார்.

சீட்டு வாங்கிக்கொண்டு லாரி தகட்டைக் கடந்து போகும்போது ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பத்துச் சக்கரமும் தகட்டின்மேல் இருக்கும். அப்போது பெட்டியில் நிஜ எண் எரியும். அந்த நொடியில் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பேனாவைத் தேடுவாள், டம்ளரை நகர்த்துவாள். யாரும் சொல்லித்தரவில்லை, தானாகவே வந்துவிட்டது. பார்க்காவிட்டால் தெரியாது, தெரியாவிட்டால் பாரமில்லை.

ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் பார்ப்பாள். அது அவள் புருஷன் ஓட்டும் வண்டி.

அவனைக் குவாரியில் எல்லோரும் 'ரெண்டு ஹாரன்' என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டான். வீட்டில் உப்பில்லாத குழம்பு ஊற்றினால்கூட சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான், "இன்னிக்கு உப்பு வாங்கணுமோ?" என்பான். ஆனால் வண்டி குவாரி வாசலைத் தாண்டும்போது தவறாமல் இரண்டு முறை ஹாரன் அடிப்பான். அது அவளுக்கு. 'போயிட்டு வரேன்' என்று அர்த்தம். பக்கத்து ஒர்க்ஷாப் மெக்கானிக் கிண்டலடிப்பான்: "அக்கா, வீட்லயும் இப்படித்தான் பேசிக்குவீங்களா? ஒண்ணு அடிச்சா சோறு, ரெண்டு அடிச்சா குழம்பா?"

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். முந்தின நாள் மழையில் ஜல்லி எல்லாம் ஊறிப்போயிருந்தது. அவன் வண்டி வந்தது. அவள் கையை உயர்த்தினாள். நிறுத்தினான். இருபத்தேழு எண்ணூற்று ஐம்பது. சீட்டை நீட்டியபோது, "மத்தியானம் சீக்கிரம் வந்துடுவேன், பாப்பா ஸ்கூலுக்கு நான் போறேன்" என்றான். அவனுக்கு அது பெரிய பேச்சு. வண்டி நகர்ந்தது. அவள் பெட்டியைப் பார்த்தாள்.

நாற்பத்து மூன்று.

'நாப்பத்திரெண்டு போயிருக்கு. நாப்பத்திமூணுக்கு என்ன' என்று ஒரு நினைப்பு ஓடியது. வாசலில் இரண்டு ஹாரன் கேட்டது. அவள் திரும்பி அடுத்த வண்டியைப் பார்த்தாள்.

குவாரியிலிருந்து ஊருக்குப் போகும் சாலை நாலு கிலோமீட்டர் ஒரே இறக்கம். இறக்கத்தின் அடியில் ஒரு வளைவு. வளைவில் தகரம் வேய்ந்த பஞ்சர் கடை. எந்த லாரிக்குக் காற்றுக் குறைந்தாலும் அங்கேதான் நிற்கும். பாதி இறக்கத்திலேயே அவன் வண்டிக்குப் பிரேக் சூடேறிப் புகை வர ஆரம்பித்துவிட்டது. அப்புறம் மிதித்தால் மிதி மட்டும்தான் போனது, வண்டி நிற்கவில்லை. கடையையும் பஞ்சர்காரரையும் வாரிக்கொண்டு போய் எதிர்ப் பள்ளத்தில் கவிழ்ந்தது. பஞ்சர்காரர் அங்கேயே போய்விட்டார். இவனுக்கு வலது கால் இரண்டு இடத்தில் ஒடிந்து, விலா எலும்பு மூன்று முறிந்துபோனது.

அடுத்த ஒரு மணி நேரத்தில் குவாரியிலிருந்து மண் அள்ளும் எந்திரம் வந்து, சாலையில் கொட்டிக் கிடந்த ஜல்லியை எல்லாம் வழித்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. போக்குவரத்துக்கு இடைஞ்சலாம். மனிதனை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வண்டி வந்தது அதற்கப்புறம்தான்.

*

ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு இரண்டாம் மாடியில் இருந்தது. பதினாறு கட்டில். அவன் கட்டில் ஜன்னலோரம். வாசலில் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கால் ஒடிந்தவன் எங்கே ஓடப்போகிறான் என்று அவருக்கே வெட்கமாகத்தான் இருந்தது போல. யாராவது பார்த்தால் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார்.

அவளுடைய அக்கா வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள். அக்காவுக்கு வாய் ஓயாது. துக்க வீட்டிலும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் அழுவாள். தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வரும்போதே குரல் கேட்கும்.

"எலும்பு ஒடிஞ்சவனையெல்லாம் ரெண்டாவது மாடியில வெச்சிருக்கான் பாரு. கண்ணு தெரியாதவன் மூணாவது மாடியாம். இவனுங்க மூளையை எந்த மாடியில வெச்சிருக்கானுங்களோ!"

"மெதுவாப் பேசுக்கா."

"பேசுறதுல என்னடி மெதுவு. மாப்பிள்ளை, கஞ்சி குடிங்க. உப்புப் போட்டிருக்கேன், என் தங்கச்சி மாதிரி இல்ல."

அவன் சிரிக்கப் பார்த்தான். விலா வலித்தது. சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அக்கா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் மேனேஜர் வந்தார். கையில் ஒரு பை ஆப்பிள். அவனைப் பார்த்து, "என்னப்பா, எப்படி இருக்கு?" என்றார். பதில் வருவதற்குள் அவளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஏம்மா, நான் சொல்றதக் கோவப்படாம கேளு. வண்டிய சோதனை பண்ற ஆபீசர் வந்து பார்த்துட்டாரு. பிரேக் நல்லாத்தான் இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாரு."

"ஆறின பிறகு பார்த்தா நல்லாத்தான் சார் இருக்கும். சூட்டுலதான பிடிக்காது."

"அதெல்லாம் நீயும் நானும் பேசிக்கலாம். பேப்பர்ல அது இல்ல. பிரேக் சரி. ரோடு சரி. அன்னிக்கு மழை இல்ல. லோடு சரி, உன் சீட்டே சொல்லுது, இருபத்தேழு எண்ணூத்தம்பது. மிச்சம் யாரு சொல்லு?"

அவள் வார்டுக்குள் ஜன்னலோரக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"டிரைவர்தான மிச்சம்? அசதியில கண்ணசந்துட்டேன்னு உன் வீட்டுக்காரரு ஒரு வார்த்த சொல்லிட்டா, கேஸ் அவரோட நிக்கும். அசந்து தூங்குறது மனுஷனுக்கு வர்றதுதான, ஜட்ஜும் மனுஷன்தான. வக்கீல் பேசி தண்டனையக் குறைச்சிடுவாரு. மொதலாளி உங்களைக் கைவிட மாட்டாரு."

"லோடு அதிகம்னு சொன்னா?"

மேனேஜர் ஆப்பிள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். குரல் மாறவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"சொன்னா ஏத்தினவன் மேல வரும், மொதலாளி மேல வரும், குவாரிக்குப் பூட்டு வரும். எல்லாம் வரும்மா. ஆனா மொதல்ல எங்க வரும் தெரியுமா? பொய்ச் சீட்டு யாரு போட்டதுன்னு வரும். கீழ கையெழுத்து யாருது? அப்பனும் ஆத்தாளும் உள்ள போயிட்டா, ஏழு வயசுப் பொண்ணு யாரு கையில சோறு திங்கும்?"

ஆப்பிள் பையை அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அவள் அதை அப்படியே போலீஸ்காரரின் நாற்காலி பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். தூங்கினால் அவனுக்கு வாய் கொஞ்சம் திறந்திருக்கும்.

"கேட்டுச்சா?"

"ம்."

"என்ன சொல்லப் போறீங்க?"

"தூங்கிட்டேன்னு சொல்லிடறேன்."

"காலைல பத்து மணிக்கா?"

"டிரைவருக்கு பத்து மணி என்ன, பன்னெண்டு மணி என்ன." கண்ணைத் திறக்காமலே, "ஒருத்தராவது வெளிய இருக்கணும். பாப்பாவுக்குத் தலை பின்ன எனக்குத் தெரியாது" என்றான்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. உள்ளுக்குள் எங்கேயோ ஒரு மூலையில் 'அப்பாடா' என்று ஒரு மூச்சு வந்தது பாருங்கள், அதை அவள் அப்புறம் எத்தனையோ நாள் தன்னையே மன்னிக்க முடியாமல் நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

மறுநாள் மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் பஞ்சர்காரரின் மனைவி வந்தாள்.

சின்ன உருவம். சாயம் போன புடவை. கையில் ஒன்றும் இல்லை. சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கட்டிலுக்கு முன்னால் போய் நின்றாள். அந்தப் பெண் அக்காவைச் சுற்றிக்கொண்டு போய்க் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"எப்படிண்ணே இருக்கீங்க?"

பக்கத்துக் கட்டில் கிழவர் ரேடியோவை நிறுத்திவிட்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க அசந்து தூங்கிட்டீங்கன்னு சொல்றாங்க. குவாரிலேர்ந்து ஆளு வந்து சொல்லிட்டுப் போச்சு. நெசமாண்ணே?"

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே, "ஆமாம்மா. தூங்கிட்டேன்" என்றான்.

"தூங்கிட்டீங்களா."

"ம்."

அந்தப் பெண் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இல்லண்ணே, நான் அடுப்படியில இருந்தேன். கடைக்குப் பின்னாடிதான எங்க வீடு. மேலேர்ந்து ஹாரன் சத்தம் கேட்டுச்சு. கைய எடுக்காம அடிச்சுக்கிட்டே வந்தீங்க. இதென்ன இந்த அண்ணன் எப்பவும் ரெண்டுதான அடிக்கும்னு நெனச்சேன். வெளிய வரதுக்குள்ள..." நிறுத்தினாள். "அவருக்குக் கேக்கல. கம்ப்ரசர் ஓடிக்கிட்டு இருந்துச்சு. காத்து அடிச்சிட்டு இருந்தாரு. கம்ப்ரசர் ஓடுனா பக்கத்துல இடி விழுந்தாலும் அவருக்குக் கேக்காது. எனக்குத்தான் கேட்டுச்சு."

அவன் கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கவில்லை.

"தூங்குற மனுஷன் எப்படிண்ணே ஹாரன் அடிப்பாரு?"

அக்கா மெல்ல, "அம்மா, நீ உக்காரு, தண்ணி குடிக்கிறியா?" என்றாள்.

"வேணாங்க. நான் யாரையும் சபிக்க வரல. எங்க வீட்டுக்காரரு உங்க மாப்பிள்ளைய ஒரு வார்த்த தப்பாச் சொன்னதில்ல. காத்து ரெண்டு பாயிண்டு கொறைஞ்சாக்கூட நிறுத்திட்டுப் போற ஒரே டிரைவர்னு சொல்வாரு. என் பையன் கேக்குறான், அப்பாவ ஏன் அந்த மாமா கொன்னாருன்னு. தூங்கிட்டாருன்னு சொல்லவா, இல்ல வேற சொல்லவா? அதைக் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன். நாளைக்கு அவன் பெரியவனாகி உங்களைப் பாத்தா என்ன நெனைக்கணும்னு நான்தான சொல்லித்தரணும்."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். பதில் சொல்ல வேண்டிய ஆள் அவன் இல்லை என்று அந்த வார்டிலேயே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில், வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அந்தப் பெண் கட்டில் கம்பியை விட்டாள். "சரிண்ணே, உடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

படியில் அவள் செருப்புச் சத்தம் முழுதாக ஓய்ந்த பிறகுதான் இவளுக்குக் குரல் வந்தது.

"நான் சொல்லப் போறேங்க."

"வேணாம்."

"நாப்பத்திமூணு. நான் பார்த்தேன்."

அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். அத்தனை வருஷத்தில் அவள் முகம் திருப்பாமல் பார்ப்பது அவனுக்குத் தெரியாது. "பார்த்தியா?"

"உங்க வண்டிக்கு மட்டும் எப்பவும் பார்ப்பேன்."

"பார்த்துட்டுமா விட்ட?"

குறையாகக் கேட்கவில்லை அவன். அவனுக்குக் குறை சொல்லவே தெரியாது. தெரியாமல் வாயில் வந்துவிட்டது. கேட்டபிறகு அவனே பயந்துபோய் அவள் கையைத் தேடினான். அவள் கொடுக்கவில்லை.

"ஆமா. விட்டேன். அதான் சொல்லப் போறேன்."

"உன்னை உள்ள வெச்சிடுவாங்கடி. நான் ஓட்டினேன். முடியாதுன்னு நான் சொல்லியிருக்கலாம்ல? இத்தன வருஷத்துல ஒரு நாளாவது சொன்னேனா?"

"நீங்களும் சொல்லல, நானும் சொல்லல. ஏத்தினவன் ஏத்துனான், மேனேஜர் ஏத்தச் சொன்னாரு, நான் கை காட்டினேன், நீங்க ஓட்டினீங்க. அதுல எது யாரோடதோ அதை அவங்கவங்க எடுத்துக்கட்டும். மொத்தத்தையும் உங்க ஒரு ஒடிஞ்ச காலு மேல ஏத்த என்னால முடியாது. அதுவும் ஓவர் லோடுதான்."

அக்கா நடுவில் புகுந்தாள். "அடியே, பொண்ணப் பத்தி நெனச்சியா? பெருசா நியாயம் பேச வந்துட்டா."

"நீ பின்னுவியா அவளுக்கு?"

அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். எப்போதும் பதில் தயாராக வைத்திருக்கிற வாய். "இழுத்துப் பின்னினா அழுவாளே" என்றாள் கடைசியில். "கொஞ்சம் தளர்த்திப் பின்னணும், இல்ல?"

"ஆமாக்கா. தளர்த்தி."

அவள் வாசலுக்குப் போனாள். போலீஸ்காரர் பேப்பரை உயர்த்தினார். "சார், எழுதிக்கணும்னா யாருகிட்ட சொல்லணும்?" என்று கேட்டாள். அவர் பேப்பரை மடித்துவிட்டு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

*

ஒன்பது நாள் கழித்து, ஒரு காலை நேரத்தில், இன்ஸ்பெக்டர் குவாரிக்கு வந்தார். கூடவே லாரி சோதனை செய்யும் ஆபீசர், படம் எடுக்க ஒருவர். அவளையும் ஜீப்பில் கூட்டி வந்திருந்தார்கள். மேனேஜர் தூரத்தில் போனில் பேசிக்கொண்டே நின்றார். மெக்கானிக் மட்டும் ஒர்க்ஷாப் வாசலுக்கு வந்து, கையைத் துணியில் துடைத்தபடி அவளைப் பார்த்தான். கிண்டல் ஒன்றும் செய்யவில்லை.

"வழக்கமா எப்படி ஏத்துவாங்களோ அப்படியே, எங்க ஆளு பக்கத்துல நின்னு பார்க்க, ஒரு வண்டிய ஏத்தி அனுப்பச் சொல்லியிருக்கேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க எப்படி எடை போடுவீங்களோ அப்படியே செஞ்சு காட்டணும். புரியுதா?"

"புரியுது சார்."

அறையில் அவள் விட்டுப்போன டம்ளர் அப்படியே இருந்தது. உள்ளே தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. கை ஒடிந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

லாரி வந்தது. புது டிரைவர், மீசைகூடச் சரியாக அரும்பாதவன். இத்தனை பேரைப் பார்த்து மிரண்டுபோயிருந்தான். முன் சக்கரம் தகட்டில் ஏறியது. பின் சக்கரத்தின் முதல் வரிசை ஏறியது. அவள் கை தானாக எழுந்தது. யோசிக்கவே இல்லை. லாரி நின்றது.

இருபத்தேழு அறுநூறு.

ஆபீசர் வெளியே போய்க் குனிந்து, மண்ணில் நிற்கும் கடைசிச் சக்கரங்களைப் பார்த்தார். படம் எடுப்பவர் எடுத்தார். "சரி, இப்ப முழுசா ஏத்தச் சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் கையை இறக்கினாள். லாரி முக்கிக்கொண்டு முன்னால் வந்தது. பத்துச் சக்கரமும் தகட்டில் நின்றன. எண்கள் ஓடின. பேனாவைத் தேட வேண்டும்போல், டம்ளரை நகர்த்த வேண்டும்போல் அவள் கழுத்து ஒரு பக்கம் இழுத்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டு பெட்டியையே பார்த்தாள்.

நாற்பத்திரண்டு எழுநூறு.

வெளியே கல் உடைக்கும் எந்திரம் அரைத்துக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு எவ்ளோ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நாப்பத்திமூணு சார்."

"தெரிஞ்சேதான் அனுப்புனீங்களா?"

"ஆமா சார்."

"உங்க புருஷன்னு தெரிஞ்சே?"

"ரெண்டு ஹாரன் அடிப்பாரு சார். போயிட்டாருன்னு திரும்பிக்குவேன்."

இன்ஸ்பெக்டர் எழுதினார். எழுதி முடித்து, "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ சொல்றேன். இதுல உங்க பேரும் வரும். நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அவள் வாங்கி, சீட்டுகளில் போடும் அதே கையெழுத்தைக் கீழே போடப் போனாள். பதினோரு வருஷமாகப் போட்டுப் போட்டு அது ஒரு கோடாகவே ஆகியிருந்தது. அதனால் இந்த முறை நிறுத்தி, எழுத்து எழுத்தாகப் போட்டாள்.

தலையை நிமிர்த்தியபோது லாரி இன்னும் தகட்டின்மேலேயே நின்றிருந்தது. என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. அந்தப் பையன் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை, மேனேஜரைப் பார்க்கவில்லை. ஜன்னலில் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். போகலாம் என்று காட்டினால் வாசலைத் தாண்டி இறக்கத்தில் இறங்கிவிடுவான்.

அவள் எழுந்து வெளியே போனாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் டிரைவர் பக்கக் கதவைத் தட்டினாள். அவன் குனிந்து பார்த்தான்.

"தம்பி, என்ஜின ஆஃப் பண்ணுப்பா."

"சீட்டு, அக்கா?"

"சீட்டு இல்ல. கொட்டிட்டு வா. இந்த வண்டி போகாது."